குக்கரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்

கேள்வி: பொங்கலுக்கு ஆன்லைனில் 5 லிட்டர் குக்கர் வாங்கினேன். சென்ற வாரம் ஆவி அடங்குவதற்குள் மூடி கழன்று, கொதிக்கிற பருப்பு அம்மாவின் கையில் தெறித்துவிட்டது. திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது என்கிறார் விற்றவர். இந்த ரகக் குக்கர் குறைபாட்டால் ஏற்கெனவே சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டதா என்று எப்படி அறிவது? யாரிடம் புகார் கொடுப்பது? – வாசகி, கரூர்

பதில்: முதலில் அம்மாவின் கையை மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தச் சீட்டையும் மருந்துக்கடை பில்லையும் பத்திரப்படுத்துங்கள். குக்கரை இனி அடுப்பில் ஏற்ற வேண்டாம். கோபத்தில் எடைக்கோ எக்ஸ்சேஞ்சுக்கோ போட்டுவிடவும் வேண்டாம். அதுதான் உங்கள் சாட்சி. கேஸ்கெட், வெயிட் எதையும் மாற்றாமல் அப்படியே எடுத்து வையுங்கள்.

அடுத்து, குக்கரின் அடிப்பகுதியையும் மூடியையும் வெளிச்சத்தில் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால், அதன் மேலே குக்கருக்கான தர எண்ணான ஐ.எஸ். 2347 என்றும், கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த உரிம எண்ணை இட்டால், உரிமம் யாருடையது, எந்தப் பொருளுக்கு, இப்போது செல்லுமா என்பதெல்லாம் தெரியும். வேறு நிறுவனத்தின் பெயர் வந்தால் முத்திரையே போலி என்று சந்தேகிக்கலாம். முத்திரையே இல்லையா? 2021 பிப்ரவரி 1 முதல் வீட்டு உபயோகக் குக்கருக்கு அது கட்டாயம். இரண்டில் எதுவானாலும் அதே செயலியில் படத்துடன் புகார் அளியுங்கள்.

திரும்பப் பெறும் அறிவிப்புக்கு உங்கள் மின்னஞ்சலைத் துழாவுங்கள். ஸ்பேம் பெட்டியையும் விடாதீர்கள். 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தர விதிக்குப் புறம்பான 2,265 குக்கர்கள் விற்பனையான விவகாரத்தில் அமேசானுக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. வாங்கியவர்களுக்குத் தெரிவித்து, குக்கரைத் திரும்பப் பெற்று, பணத்தைத் தரவும் உத்தரவிட்டது. அறிவிப்பு எதுவும் கிடைக்கவில்லை என்பதால் உங்கள் குக்கர் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. ஆணையம் தானாகவும் விசாரிக்கலாம்; ஆனால் புகார் வந்தால்தானே உங்கள் குக்கர் அதன் கண்ணில் பட வாய்ப்பு அதிகம்! அதனால்தான் உங்களை இவ்வளவு வற்புறுத்துகிறேன். அதே குக்கர் இன்னும் எத்தனை அடுப்புகளில் இருக்கிறதோ.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம், புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பித் தீர்வு காண முயல்வார்கள். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. பலரைப் பாதிக்கும் பிரச்சினை என்பதால் மாவட்ட ஆட்சியரிடமும் புகார் தர 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இடம் தருகிறது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவை நேரிலேயே கொடுக்கலாம்.

கெடு முடிந்தது என்று விற்றவர் சொல்வதைக் கேட்டு ஒதுங்கிவிடாதீர்கள். அது அவர்கள் கடை வகுத்த விதி. காயத்துக்கு இழப்பீடு கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக, சட்டம் உங்களுக்கு இரண்டு ஆண்டு தருகிறது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் கரூரிலேயே வழக்குத் தொடரலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை.