நடிகர் பெயரில் பாட்டு: ‘கிளியரன்ஸ்’ கேட்கும் ஏஜெண்டுக்குப் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். புகழ்பெற்ற பிரிட்டிஷ் நடிகர் ஒருவரின் பெயரையே தலைப்பாக வைத்து ஆங்கிலப் பாட்டு ஒன்றை சிங்கிளாக (தனிப்பாடலாக) வெளியிடப் போகிறேன். தொடக்கத்தில் அவர் படத்து வசனம் மூன்று வினாடி வருகிறது. ‘பெயர் உரிமை கிளியரன்ஸ்’ இல்லையென்றால் வழக்கு வரும், 800 பவுண்ட் கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒரு ஏஜெண்ட். கொடுக்கலாமா?

பதில்: ஒரு பென்னிகூடக் கொடுக்காதீர்கள். அப்படியொரு உரிமம் இங்கிலாந்தில் இல்லை. அதை வழங்க அலுவலகமும் இல்லை. எந்தச் சட்டத்தின் கீழ், யார் கையெழுத்தில் அனுமதி வரும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஏஜெண்ட் அதோடு காணாமல் போவார்.

ஒருவரின் பெயருக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) கிடையாது. 1984 என்ற ஒரே ஆண்டில் இப்படி நடிகர் பெயரில் இரண்டு சிங்கிள்கள் வந்தன: மேட்னஸ் குழுவின் ‘மைக்கேல் கெய்ன்’ பிரிட்டன் தரவரிசையில் 11-ஆம் இடம், பனனராமா குழுவின் ‘ராபர்ட் டி நீரோஸ் வெயிட்டிங்’ 3-ஆம் இடம்.

நடிகரே இந்தப் பாட்டோடு சேர்ந்திருக்கிறார் என்று மக்களை நம்பவைப்பதில்தான் ஆபத்து. கார் பந்தய வீரர் எடி இர்வைன் கைபேசி பிடித்திருந்த புகைப்படத்தில், கைபேசியை எடுத்துவிட்டு ரேடியோவை ஒட்டி விளம்பரம் செய்தது ஒரு வானொலி நிறுவனம். 2002-இல் உயர் நீதிமன்றம் இர்வைனுக்கு 2,000 பவுண்ட் இழப்பீடு தந்தது. மேல்முறையீட்டில் அது 25,000 ஆனது. ஆகவே அட்டைப்படத்தில் நடிகர் முகம் வேண்டாம். புகைப்படக்காரரின் உரிமை வேறு தனியாக வந்து நிற்கும். அவர் முகம் போட்ட டி-ஷர்ட் விற்கும் எண்ணமும் வேண்டாம்.

உங்கள் உண்மையான சிக்கல் அந்த மூன்று வினாடி. ‘ஐந்து வினாடிக்குள் இருந்தால் பரவாயில்லை’ என்று ஸ்டுடியோக்களில் காலங்காலமாகச் சொல்கிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. அந்தத் துண்டில் படத் தயாரிப்பாளரின் உரிமை இருக்கிறது, வசனம் எழுதியவரின் உரிமை இருக்கிறது. பின்னால் இசை கேட்டால் அதற்கும் ஓர் உரிமையாளர் உண்டு. இவற்றோடு, பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நடித்தவருக்குத் தரும் நிகழ்த்துரிமையும் சேரும். இத்தனை பேரிடமும் தனித்தனியே கேட்க வேண்டும். சிறிய இசைக்கலைஞருக்குப் பெரும்பாலும் பதில்கூட வராது. மேட்னஸ் பாட்டில் தன் பெயரைச் சொல்வது கெய்னேதான். அவர் சம்மதித்து, அந்தப் பாட்டுக்கென்றே பேசிக் கொடுத்த குரல் அது, படத்திலிருந்து வெட்டியதல்ல.

வசனத்தை எடுத்துவிடுங்கள். அதே வசனத்தை நண்பரைப் பேசவைத்தாலும் எழுத்தாளரின் உரிமை போகாது, அதனால் புதிதாக ஒரு வரி எழுதி, நண்பரை அவருடைய சொந்தக் குரலில் பேசச் சொல்லுங்கள். நடிகரின் குரலைப் போலவே கணினியில் உருவாக்கிச் சேர்க்காதீர்கள். ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் பாட்டை நீக்கிவிடும். நடிகரே பேச ஒப்புக்கொண்டால், பேசும் சொற்கள், எல்லா நாடுகளிலும் எல்லா வடிவங்களிலும் வெளியிடும் அனுமதி, தொகை, அவர் பெயர் இடம்பெறும் விதம் ஆகிய நான்கும் கடிதத்தில் இருக்க வேண்டும். அலைபேசியில் வந்த ‘ஓகே’ போதாது.

பாட்டை ஸ்ட்ரீமிங் நிறுவனங்களுக்கு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் படிவத்தில் நடிகர் பெயர் தலைப்புக் கட்டத்தில் மட்டும் வரட்டும். கலைஞர் கட்டத்திலோ ‘ஃபீச்சரிங்’ (உடன் பங்கேற்பவர்) கட்டத்திலோ எழுதினால், பாட்டை முதலில் நிறுத்திவிட்டுப் பிறகுதான் விளக்கம் கேட்பார்கள். நிறுத்திய பாட்டைத் திரும்ப ஏற்ற வைப்பதற்குள் வெளியீட்டு வாரமே போய்விடும்.

ஒவ்வொரு ஒலிப்பதிவையும் அடையாளம் காட்டும் ஐஎஸ்ஆர்சி எண்ணுக்கும் அந்த ஏஜெண்ட் காசு கேட்பார். எழுத்தும் எண்ணுமாக 12 இடம் கொண்ட அந்தக் குறியீட்டை, ஒலிப்பதிவுகளுக்கான ராயல்டியை வசூலிக்கும் பிபிஎல் அமைப்பு உறுப்பினர்களுக்கு இலவசமாகத் தருகிறது. அதில் உறுப்பினராகவும் கட்டணமில்லை. ஆனால் பிபிஎல் ஒலிப்பதிவுக்கு மட்டும்தான். எழுதி இசையமைத்ததற்கான ராயல்டிக்கு பிஆர்எஸ் என்ற வேறோர் அமைப்பில் தனியாகப் பதிய வேண்டும். ஒரே பாட்டை ஒரே ஆள் இரண்டு வாசலில் நின்று பதியவேண்டிய இந்த ஏற்பாட்டை இவ்வளவு காலம் கழித்தும் ஒழுங்குபடுத்தவில்லை. இடைத்தரகர்கள் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான்.

இதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். இதே துணிச்சலில் சென்னையில் ரஜினிகாந்த் பெயரை வைத்துவிடாதீர்கள்: 2015-இல் ‘மெய்ன் ஹூன் ரஜினிகாந்த்’ என்ற இந்திப் படத்தில் அவர் பெயரைப் பயன்படுத்த சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது.