உதைபந்தாட்டத்தில் கோல் காப்பாளர் ஒருவர் சட்டப்படி எந்தெந்த வழிகளில் கோல் போடலாம்?

முதலில் முடியாததைச் சொல்லிவிடுகிறேன். பந்தைக் கையால் எறிந்து நேரடியாக எதிரணி வலைக்குள் போட்டால் கோல் இல்லை. 2019இல் சட்டத்தில் இதைத் தெளிவாகவே எழுதிவிட்டார்கள்: எதிரணிக்குக் கோல் கிக் (தமது கோலுக்கு முன்னே பந்தை வைத்து உதைத்து ஆட்டத்தைத் தொடங்குவது) கிடைக்கும். ஆனால் எறிந்த பந்து வழியில் யார் மேலாவது, எதிரணிக் காப்பாளரின் விரலில் என்றாலும், பட்டு உள்ளே போனால் அது முறையான கோல்.

கொழும்பில் சிறுவர்களுக்குக் கோல் காப்புப் பழக்குகிறவன் நான். காப்பாளர் என்றால் தடுக்க மட்டும்தான் என்று பிள்ளைகளும் பெற்றோரும் நினைப்பது எனக்குக் கவலையாக இருக்கும். ஏனென்றால் அவர் கையில் பிடித்த பந்தை விட்டு உதைத்து நேராகக் கோல் போடலாம், கோல் கிக்கிலிருந்தும் போடலாம். 2021 ஜனவரியில் நியூபோர்ட் கவுன்டி காப்பாளர் டொம் கிங் செல்டன்ஹாமுக்கு எதிராக அப்படித்தான் போட்டார். கோல் கிக், தூரம் 96.01 மீற்றர், கின்னஸ் சாதனை. அதற்கு முன் அந்தச் சாதனை ஸ்டோக் அணியின் பெகோவிச்சிடம் இருந்தது. 2013 நவம்பரில் சவுத்தாம்டனுடனான ஆட்டம் தொடங்கி 13ஆவது வினாடி, 91.9 மீற்றர். அவர் கோல் போட நினைத்தே உதைக்கவில்லை. தன் அணி வீரர் பின்னால் தள்ளிய பந்தைத் தூக்கி அடித்தார், காற்று கொண்டுபோனது, ஒரே ஒரு முறை நிலத்தில் துள்ளி எதிர்க் காப்பாளரின் தலைக்கு மேலால் போய்விட்டது. எதிரில் நின்றவரின் நிலையை எண்ணி பெகோவிச் கொண்டாடவே இல்லை. எனக்கு அவரை அதனாலேயே கூடுதலாகப் பிடிக்கும்.

இந்த இரண்டு கோல்களிலும் காற்றுக்குப் பங்கு உண்டு. தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் வெள்ளவத்தைக் கடற்கரையில் பந்து உதைத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முகத்தில் காற்றுப்படும் பக்கம் நிற்கும் காப்பாளர்தான் பின்வாங்கி நிற்க வேண்டும்.

இனி பலர் கவனிக்காத இரண்டு இடங்கள். ஓஃப்சைட்டுக்குக் கிடைப்பது மறைமுக ஃப்ரீ கிக். காப்பாளர் அதை நேராக எதிரணி வலைக்குள் அடித்தாலும், வேறு யாரும் தொடாவிட்டால் கோல் இல்லை. நடுவர் காப்பாளருக்காகப் பந்தைக் கீழே விட்டு ஆட்டத்தைத் தொடங்கினால், குறைந்தது இரண்டு வீரர்களாவது தொட்ட பிறகுதான் கோல் செல்லும்.

நேரடி ஃப்ரீ கிக்குக்கும் பெனால்டிக்கும் எந்தத் தடையும் இல்லை. பிரேசிலின் ரொஜேரியோ செனி இந்த இரண்டிலுமாக நூற்றுக்கும் மேற்பட்ட கோல்களைக் குவித்தார். பராகுவேயின் சிலாவெர்ட் 1999இல் ஒரே ஆட்டத்தில் மூன்று பெனால்டி போட்டு ஹட்ரிக் எடுத்தார்.

பிறகு கடைசி நிமிடக் கோர்னர். 2021 மே மாதம் வெஸ்ட் ப்ரோம்விச் அணிக்கு எதிராக லிவர்பூலின் அலிசன் தலையால் முட்டிப் போட்ட வெற்றிக் கோல் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் நான் பிள்ளைகளுக்குக் காட்டுவது தென்னாபிரிக்காவின் மசுலுகேயை. 2016 நவம்பரில் ஒர்லாண்டோ பைரட்ஸுக்கு எதிராக, உபாதையீடு நேரத்தில், பெட்டியின் விளிம்பிலிருந்து பைசிக்கிள் கிக். அந்தக் கோல் அடுத்த ஆண்டு, ஆண்டின் சிறந்த கோலுக்கான புஸ்காஸ் விருதில் இரண்டாமிடம் பெற்றது. முன்னே ஓடும் துணிச்சலும் பந்தை நேரே பார்க்கும் பொறுமையும் ஒரே ஆளிடம் இருப்பதை அதில் பார்க்கலாம்.

கோல் போட்ட பிறகும் ஒரு வேலை இருக்கிறது. 2004இல் லெவர்குசன் காப்பாளர் பட் ஷால்க்கேக்கு எதிராகப் பெனால்டி போட்டுக் கொண்டாடிவிட்டுத் திரும்பி வருவதற்குள், எதிரணி கிக் ஓஃபிலிருந்தே நேராக அவரது வெற்று வலைக்குள் அடித்துவிட்டது. அதுவும் சட்டப்படியான கோல்தான்.