பல் எடுத்த நான்காம் நாள் வலி கூடுகிறது, மருத்துவமனையோ விடுமுறையில்: என்ன செய்யலாம்?

கேள்வி: கீழ்த்தாடை ஞானப்பல்லை அறுவை செய்து எடுத்து இன்றோடு நான்கு நாள். முதல் இரண்டு நாள் சமாளித்தேன். நேற்றிலிருந்து வலி காது வரை ஏறுகிறது, வாயில் கெட்ட வாடை. காய்ச்சல் இல்லை. பல் எடுத்த மருத்துவமனை பண்டிகை முடிந்துதான் திறக்குமாம். மருந்துக்கடையில் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக் சாப்பிடச் சொல்கிறார்கள். சாப்பிடலாமா? வீடு நிறைய விருந்தாளிகள், விருந்தில் நானும் உட்காரலாமா?

பதில்: ஆன்டிபயாட்டிக் வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது பெரும்பாலும் ‘ட்ரை சாக்கெட்’. பல் இருந்த குழியை ரத்தம் உறைந்து மூடியிருக்கும். அந்த உறைவு கரைந்தோ பெயர்ந்தோ போய்விட்டால் அடியிலுள்ள எலும்பு திறந்து கிடக்கும். உணவும் எச்சிலும் அதில் பட்டால் உயிர் போகிற மாதிரி வலிக்கும். கீழ்த்தாடை ஞானப்பல் எடுத்தவர்களுக்குத்தான் இது அதிகம் வரும், புகைபிடிப்பவர்களுக்கு இன்னும் அதிகம். சாதாரணப் புண்ணில் வீக்கம் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் அப்புறம் வடியும், வலியும் கூடவே இறங்கும். இறங்க வேண்டிய நேரத்தில் வலி ஏறினால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். திறந்து கிடக்கும் எலும்பை ஆன்டிபயாட்டிக் மூடிவிடாது.

வேண்டியது சின்ன வேலைதான். பல் மருத்துவர் குழியை உப்புநீரால் கழுவி, மருந்து தோய்த்த துணியை உள்ளே வைப்பார். பலருக்கு ஒரு மணி நேரத்துக்குள் வலி நன்றாகத் தணிந்துவிடும். இதை எந்தப் பல் மருத்துவரும் செய்யலாம், பல்லை எடுத்தவரே வர வேண்டும் என்பதில்லை. ஆகவே பண்டிகை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். திறந்திருக்கும் வேறு மருத்துவமனைக்கு எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். “வேறு இடத்தில் எடுத்த பல்லை நாங்கள் தொட மாட்டோம்” என்று சிலர் திருப்பி அனுப்புவார்கள். அங்கே வாதாடிக்கொண்டு நிற்காமல் அடுத்த இடத்துக்குப் போய்விடுங்கள். லீவு கிடைக்கும் என்று நோயாளி பண்டிகைக்கு முதல் நாள் தேதி கேட்கிறார், மருத்துவமனையும் வரிசையாகப் பல்லை எடுத்துவிட்டுக் கதவைப் பூட்டுகிறது. சிக்கல் எழுவது பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் என்று தெரிந்திருந்தும், கூப்பிட ஓர் எண் கொடுப்பதில்லை. இதற்கு நான் என்ன சமாதானம் சொல்வது?

மருந்துக்கடைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். பல்வலி என்றதும் நாலைந்து மாத்திரைகளை அட்டையிலிருந்து வெட்டி, பெயர் தெரியாமல் பொட்டலமாகக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் ஒரே வகை வலி மாத்திரை இரண்டு பெயர்களில் இருக்கலாம், அது வயிற்றைப் புண்ணாக்கும். ஸ்டீராய்டும் இருக்கலாம். அது வீக்கத்தைச் சட்டென்று வற்ற வைக்கும், நாமும் ‘கைராசிக்காரர்’ என்று மெச்சுவோம். ஆனால் உள்ளே தொற்று இருந்தால் அதை மறைத்துவிடும், சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக் இருந்து, அன்று மாலை விருந்தில் மது அருந்தினால் வாந்தியும் படபடப்பும் வரக்கூடும். பெயரும் அளவும் தெரியாத மாத்திரையை விழுங்காதீர்கள், எவ்வளவு பழகிய கடையாக இருந்தாலும் சரி.

மருத்துவரைப் பார்க்கும்வரை, பெரியவர்களுக்கு ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராமும் பாராசிட்டமால் 500 மில்லிகிராமும் சேர்த்து, சாப்பிட்ட பிறகு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கலாம். சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் ஐபுப்ரோஃபெனைத் தொட வேண்டாம்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், வால்வு மாற்றியவர்கள் இதில் வருவார்கள். இவர்களுக்கும் ஐபுப்ரோஃபென் ஆகாது, ரத்தக்கசிவு கூடும். பாராசிட்டமால் மட்டும் போதும். அதைவிட முக்கியம்: பல் எடுத்த இடத்தில் கொஞ்சம் ரத்தம் கசிகிறது என்று இதய மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. பல்குழியில் கசியும் ரத்தத்தைச் சுத்தமான துணியை மடித்து அரை மணி நேரம் விடாமல் கடித்து நிறுத்தப் பார்க்கலாம். இதயத்திலோ மூளையிலோ அடைப்பு வந்தால் அப்படி எதுவும் செய்ய முடியாது. ‘இரண்டு நாள் நிறுத்தினால் என்ன’ என்று வீட்டில் யார் சொன்னாலும் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

கிராம்பு எண்ணெயை நேராகக் குழியில் ஊற்றாதீர்கள், சதை வெந்துவிடும். ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, சாப்பிட்ட பிறகு வாயில் வைத்து மெல்லச் சாய்த்து, தானாக வழிய விடுங்கள். வேகமாகக் கொப்பளித்துத் துப்ப வேண்டாம்.

காய்ச்சல், சீழ், நான்காம் நாளுக்குப் பிறகும் பெருகும் வீக்கம் இருந்தால் அன்றே காட்டுங்கள், ஆன்டிபயாட்டிக்குக்கு வேலை அங்கேதான். தாடைக்கு அடியில் கழுத்துப் பக்கம் வீக்கம் இறங்கினாலோ, நாக்கு மேலே தள்ளப்பட்டாலோ, விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமமானாலோ நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். பண்டிகை நாளிலும் அது திறந்திருக்கும்.

விருந்தில் தாராளமாக உட்காருங்கள். மென்மையாக, இளஞ்சூட்டில் உள்ளதை மற்றப் பக்கமாக மென்று சாப்பிடுங்கள். நொறுங்குகிற பண்டங்கள், விதைகள், கொட்டைகள் குழிக்குள் போய் உட்காரும், ஒரு வாரம் தள்ளி வையுங்கள். ஸ்ட்ரா வேண்டாம், மதுவும் வேண்டாம். யாராவது வற்புறுத்தினால் வாயைத் திறந்து காட்டிவிடுங்கள்.