ஸ்டீராய்டு ஊசியும் தைராய்டு ரிப்போர்ட்டும்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பத்து வாரமாக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறேன். டோட்டல் டி4 குறைந்திருக்கிறது, டிஎஸ்எச் 2.1. தைராய்டு போய்விட்டதா?

பதில்: போகவில்லை தம்பி. டிஎஸ்எச் என்பது தைராய்டை வேலை செய்யச் சொல்லி மூளையடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன், உங்கள் 2.1 சரியான அளவுதான். டி4, டி3 இரண்டும் தைராய்டு சுரக்கும் ஹார்மோன்கள். டி4 ரத்தத்தில் தனியாகச் சுற்றுவதில்லை, கல்லீரல் செய்கிற டிபிஜி என்ற புரதத்தில்தான் பெரும்பகுதி பஸ்ஸில் ஏறுவது போல ஏறிப் போகிறது. 10,000 டி4 இருந்தால் ஏறக்குறைய 3 மட்டும்தான் இறங்கி நடக்கிறது, செல்லுக்குள் போய் வேலை பார்ப்பதும் அந்த மூன்றுதான், அதற்குத்தான் ஃப்ரீ டி4 என்று பெயர். டெஸ்டோஸ்டிரோன் மாதிரி ஸ்டீராய்டு டிபிஜியைக் குறைத்துவிடும். பஸ் குறைந்தால் பஸ்ஸில் இருக்கிற கூட்டமும் குறையும் இல்லையா, டோட்டல் டி4 எண்ணுவது அந்தக் கூட்டத்தைத்தான். நம் ஊர் லேபில் 'தைராய்டு டெஸ்ட்' என்றால் பெரும்பாலும் டோட்டல் டி3, டோட்டல் டி4, டிஎஸ்எச் மூன்றைத்தான் எடுப்பார்கள். ஃப்ரீ டி4 வேண்டுமென்று வாய்விட்டுக் கேளுங்கள். டாக்டரிடம் ஊசி விஷயத்தை மறைக்காதீர்கள், மறைத்தால் தேவையில்லாத மாத்திரை தலையில் விழும்.

கேள்வி: என் மனைவிக்குக் கர்ப்பத்தில் டோட்டல் டி4 ஏறியது. அதுவும் இதே கதையா?

பதில்: அதே கதை, தலைகீழாக. கர்ப்பத்தில் கூடுகிற ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் டிபிஜியை ஏற்றும். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையிலும் அப்படித்தான்.

கேள்வி: நான் ஏற்கெனவே தைராக்சின் (டி4) மாத்திரை போடுகிறவன். ஊசியும் போட்டால்?

பதில்: இங்கேதான் கவனம் வேண்டும். டிபிஜி குறைந்தால் ஃப்ரீ டி4 ஏறப் பார்க்கும்; நல்ல சுரப்பி என்றால் அதைப் பார்த்து உற்பத்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். உங்களுக்கு வருவது மாத்திரை, அதற்கு இதெல்லாம் தெரியாது, தினமும் அதே அளவுதான் உள்ளே போகும். தைராக்சின் எடுத்துவந்த சில பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய்க்காக ஆண்ட்ரோஜன் (டெஸ்டோஸ்டிரோன் வகை ஹார்மோன்) கொடுத்தபோது தைராய்டு மிகையாகி, மாத்திரையைக் கால்வாசியிலிருந்து பாதிவரை குறைக்க வேண்டி வந்திருக்கிறது. படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். நீங்களாக டோஸை மாற்ற வேண்டாம்.

கேள்வி: கொழுப்பு கரைய டி3 மாத்திரையும் சேர்த்துப் போடுகிறேன். டிஎஸ்எச் 0.02. இதுவும் ஸ்டீராய்டு வேலையா?

பதில்: இல்லை, இது டி3 வேலை. வெளியிலிருந்து டி3 வந்து கொட்டினால் பிட்யூட்டரி டிஎஸ்எச் அனுப்புவதை நிறுத்திக்கொள்ளும். மேலே தம்பிக்குச் சொன்ன ஆறுதலை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். கொழுப்போடு தசையும் கரையும், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். முதலில் ஒரு ஈசிஜி எடுங்கள், அப்புறம் பேசலாம்.