லெப்டொப்பில் பிளேஸ்டேஷன் கேம் இழுபடுகிறதா? ஓவர்க்ளொக் பற்றிய வாசகர் கேள்விகள்

எனது லெப்டொப்பில் ஐ5-8250யூ புரொசெசர். பிசிஎஸ்எக்ஸ்2இல் (பிளேஸ்டேஷன் 2 கேம்களைக் கொம்பியூட்டரில் ஓட்டும் எமுலேட்டர்) கேம் பத்து நிமிடம் நல்லாப் போகும், பிறகு வேகம் 70 வீதத்துக்கு விழுந்துவிடும். 4 கிகாஹேர்ட்ஸுக்கு ஓவர்க்ளொக் செய்ய (விதித்த வேகத்துக்கு மேல் ஓட்ட) ஏலுமா? (களுவாஞ்சிக்குடி)

ஏலாது. யூ வகைப் புரொசெசர்களில் வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கியை இன்டெல்லே பூட்டித்தான் அனுப்புகிறது. லெப்டொப் வகைகளில் பெயர் எச்கே அல்லது எச்எக்ஸ் என்று முடிபவற்றில்தான் அது பெரும்பாலும் திறந்திருக்கும். ஆனால் உங்களுக்குக் குறைவது 4 கிகாஹேர்ட்ஸ் அல்ல. அந்தப் புரொசெசருக்கு ஏற்கெனவே 3.4 வரை போகும் வலு இருக்கிறது, அது நிலைக்கவில்லை என்பதுதான் வியாதி.

வேகம் எப்போது விழுகிறது என்று பார்த்தாலே பாதிக் காரணம் பிடிபடும். அரை நிமிடத்துக்குள் விழுந்தால் மின்வலு எல்லை. தொடக்கத்தில் கூடுதல் வாட்ஸை இழுக்க விட்டு, பிறகு 15 வாட்ஸுக்குக் கட்டிப்போடுவார்கள். பத்து நிமிடம் கழித்து விழுந்தால் சூடு. சூட்டையும் வேகத்தையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளின் சென்சர் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு விளையாடுங்கள். 'கோர் தேர்மல் த்ரொட்லிங்' வரியில் 'யெஸ்' விழுந்தால் சந்தேகமே வேண்டாம்.

கச்சான் வீசும் மாதங்களில் நம் பக்கத்து அறைகள் பகலில் அடுப்பாய்க் கிடக்கும், புழுதிக்கும் குறைவில்லை. அடிமூடியைக் கழற்றி, முதல் வேலையாகப் பற்றரி வயரைப் பிடுங்குங்கள். ஃபேன் காற்றைத் தள்ளும் வாயில், செப்புத் தகடுகளுக்கு முன்னால், சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போல ஒரு படை இருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது ஃபேன் பக்கமே தள்ளப்படும், வெளியே வராது. ஃபேனைக் கழற்றி, அந்தப் படையைச் சாமணத்தால் ஒரே துண்டாக இழுத்தெடுங்கள். தேர்மல் பேஸ்ட் சுண்ணாம்பு போல உதிர்ந்தால், ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் துடைத்து, சில்லு முழுவதும் மெல்லிய படையாகப் புதிதாகப் பூசுங்கள். ஹீட்சிங்க் ஸ்குரூக்களின் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று அச்சிட்டிருக்கும். அந்த வரிசையில், கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றுசுற்றாக இறுக்குங்கள். ஒரு மூலையை முதலிலேயே முழுதாக இறுக்கினால் தகடு சரிந்து மறுமூலை எழும்பிவிடும்.

சுத்தம் செய்தாயிற்று, பேஸ்ட்டும் புதிது. இன்னும் 95 பாகை காட்டுகிறது. வோல்டேஜைக் குறைத்தால் சூடு குறையும் என்கிறார்களே? (கல்முனை)

குறையும். லெப்டொப்காரர்களுக்கு ஓவர்க்ளொக்கை விட இதுதான் பலன் தருவது. அதே வேகத்துக்குக் குறைந்த வோல்டேஜ் போனால் வாட்ஸும் குறையும். மிஞ்சும் வாட்ஸைப் புரொசெசர் தானே வேகமாக மாற்றிக்கொள்ளும்.

புரொசெசரின் வோல்டேஜையும் எல்லைகளையும் மாற்றும் த்ரொட்டில்ஸ்டொப் மென்பொருளில் எஃப்ஐவிஆர் பெட்டியைத் திறந்து, 'சிபியு கோர்' தெரிவில் வோல்டேஜ் பூட்டைத் திறந்து, ஒஃப்செட் -50 மில்லிவோல்ட் வையுங்கள். 'சிபியு கேஷ்'ஷுக்கும் அதே எண்ணைக் கொடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். உங்கள் கேமில் ஆகப் பாரமான கட்டத்தை 30 நிமிடம் ஓட்டுங்கள். தாங்கினால் பத்துப் பத்தாக இறக்குங்கள். 8ஆம் தலைமுறையில் பல சில்லுகள் -80க்கும் -120க்கும் இடையில் எங்கோ தடுமாறும், ஒன்று போல் மற்றொன்று இராது. நீலத்திரை வந்தாலோ படம் உறைந்தாலோ, அந்த எண்ணிலிருந்து 15 அல்லது 20 திரும்பி வந்து நில்லுங்கள். அதுவரை வோல்டேஜைச் சேமிக்கும் தெரிவைத் தொடாதீர்கள். தொட்டால் கொம்பியூட்டர் ஏறும்போதே விழுந்து எழும்பும்.

சூடு 85க்குள் வந்த பிறகு, டிபிஎல் பெட்டியில் நீண்டநேர மின்வலு எல்லையை 15இலிருந்து 18, பிறகு 20 வாட்ஸ் என்று ஏற்றிப் பார்க்கலாம். 90 தாண்டினால் இறக்கிவிடுங்கள்.

எஃப்ஐவிஆரில் 'லொக்ட்' என்று இருந்தால், 2019 டிசம்பரில் வெளிவந்த பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டைக்குப் பிறகு பயோஸ் (லெப்டொப்பை ஏற்றும் அடிப்படை மென்பொருள்) மூலம் அடைத்துவிட்டார்கள் என்று பொருள். பழைய பயோஸ் தேடி ஏற்ற வேண்டாம். பற்றரி செத்த லெப்டொப்பில் பயோஸ் எழுதும்போது கரண்ட் போனால் மதர்போர்டே போய்விடும்.

புதுச் சார்ஜர் வாங்கிய நாளிலிருந்து கேம் நகரவே இல்லை. வேகம் 0.8 கிகாஹேர்ட்ஸைத் தாண்டவில்லை. (அக்கரைப்பற்று)

சார்ஜர்தான். சில லெப்டொப்கள் சார்ஜரின் அடையாள முனையை வாசிக்கும். வாசிக்க முடியாவிட்டால் புரொசெசரைக் கீழே பிடித்து வைத்திருக்கும். த்ரொட்டில்ஸ்டொப்பில் 'பிடி ப்ரொக்ஹொட்' (வேகத்தைக் குறை என்று வெளியிலிருந்து புரொசெசருக்கு வரும் கட்டளை) சரி அடையாளத்தை எடுத்துப் பாருங்கள். உடனே வேகம் ஏறினால் காரணம் உறுதி. ஆனால் அப்படியே விட்டுவிடாதீர்கள். 65 வாட்ஸ் கேட்கும் லெப்டொப்பை 45 வாட்ஸ் சார்ஜரில் ஓட்டினால் சார்ஜர் கொதிக்கும். லெப்டொப்பின் அடியில் எழுதியிருக்கும் வாட்ஸைக் காட்டிச் சார்ஜரை மாற்றி வாங்குங்கள்.

எமுலேட்டருக்குள்ளேயே ஓவர்க்ளொக் இருக்கிறதே. ஈஈ சைக்கிள் ரேட்டை 180 வீதமாக்கினேன், இன்னும் மோசமாகிவிட்டது. (திருக்கோவில்)

அது உங்கள் புரொசெசரின் வேகம் அல்ல. பிளேஸ்டேஷன் 2இன் 294.912 மெகாஹேர்ட்ஸ் புரொசெசரை (அதுதான் ஈஈ), இன்னும் வேகமானது போல நடிக்க வைக்கும் தெரிவு. நடிக்கிற வேலை முழுக்க உங்கள் லெப்டொப்பின் தலையில்தான். அசல் கன்சோலிலேயே இழுபட்ட கேமுக்கு, வலு மிச்சமுள்ள கொம்பியூட்டரில், 130 வைத்துப் பார்க்கலாம். உங்களுக்கு 100தான். டொல்பினில் (கேம்கியூப், வீ கேம்களுக்கான எமுலேட்டர்) உள்ள சிபியு க்ளொக் தெரிவும் இதே சாதிதான்.

நான்கு கோர் இருந்தால், வேலையின் ஒரு பகுதியை இன்னொரு கோருக்குப் பிரித்துக் கொடுக்கும் எம்டிவியூ தெரிவைப் போடுங்கள், பல கேம்களில் கண்கூடாக ஏறும். பிறகு திரையில் ஈஈ, ஜிஎஸ் (பிளேஸ்டேஷன் 2இன் கிராஃபிக்ஸ் சில்லு), ஜிபியு (உங்கள் லெப்டொப்பின் கிராஃபிக்ஸ்) வீதங்களைக் காட்ட வையுங்கள். ஜிபியு 100ஐத் தொட்டால் ரெசலூஷனை அசல் கன்சோலின் அளவான நேட்டிவுக்கு இறக்குங்கள். ஈஈ 100ஐத் தொட்டால் ரெசலூஷனைக் குறைத்துப் பிரயோசனம் இல்லை, மேலே சொன்ன சூட்டு வைத்தியம்தான் வழி. இன்னொன்று, பால் (PAL, ஐரோப்பா போன்ற இடங்களுக்கான) பதிப்பு கேம் 50 ஃப்ரேமில் ஓடினால் அதுதான் முழு வேகம். 60 வரவில்லை என்று மெனக்கெட வேண்டாம்.

ரைசன் 5 3500யூ, 8 ஜிபி ரெம் ஒரே குச்சி. டொல்பினில் ரெசலூஷனை ஏற்றினால் திணறுகிறது. (ஏறாவூர்)

ஓவர்க்ளொக்கை மறந்துவிட்டு இன்னொரு 8 ஜிபி குச்சி போடுங்கள், டிடிஆர்4 2400. உள்ளிருக்கும் கிராஃபிக்ஸுக்குச் சொந்த ரெம் இல்லை, பொது ரெம்மில்தான் சீவிக்கிறது. இரண்டு குச்சி என்றால் பாதை இரட்டிக்கும். வாங்கமுன் அடிமூடியைத் திறந்து இரண்டாவது ஸ்லொட் இருக்கிறதா என்று பாருங்கள். சில மொடல்களில் ரெம்மைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள்.

என்னுடையது எச்எக்ஸ். பெருக்கி திறந்தே இருக்கிறது. நான் ஏற்றலாமா? (காத்தான்குடி)

ஏற்றலாம். 5 கிகாஹேர்ட்ஸில் 100 மெகாஹேர்ட்ஸ் ஏற்றினால் கிடைப்பது 2 வீதம். அதற்காக வோல்டேஜும் கூட்ட நேர்ந்தால், ஃபேன் ஏற்கெனவே முழுவேகத்தில் சுற்றும் லெப்டொப்பில் சூடு அந்த 2 வீதத்தையும் பறித்துவிடும். வோல்டேஜைத் தொடாமல் ஒரு படி ஏற்றி, பாரமான கேமை அரைமணி நேரம் ஓட்டுங்கள். வேகம் நிற்காவிட்டால் பழையபடி வையுங்கள்.