பெரியபிள்ளையாகாத மகளிடம் எதைச் சொல்வது?

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. உயரமானவள், மார்பு வளர்ச்சியும் உண்டு. ஆனால் இன்னும் சாமத்தியப்படவில்லை. ஸ்கானில் கருப்பை இல்லை என்றார்கள். இரத்தப் பரிசோதனையில் ஆண்களுக்குரிய எக்ஸ்-வை நிறமூர்த்தமாம். ஆண்ட்ரஜன் என்ற ஆண் ஹோர்மோனை உடல் ஏற்காத நிலை என்கிறார் டொக்டர். இவள் பெண்பிள்ளைதானா? அவளிடம் எப்படிச் சொல்வது? சடங்கு எப்போது என்று சொந்தக்காரர் கேட்கிறார்கள்.
– ஒரு தாய், கரவெட்டி

பதில்: அன்புள்ள அம்மா, உங்கள் மகள் பெண்பிள்ளைதான். 17 வருடம் மகளாய் வளர்ந்தவளை ஒரு பரிசோதனைத் தாள் மாற்றிவிடாது.

நடந்தது இதுதான். வை நிறமூர்த்தம் இருந்ததால், கருவிலேயே அவளுக்குச் சூலகத்துக்குப் பதிலாக ஆண்களுக்குரிய விதைகள் உருவாகின. அவை சுரந்த ஒரு ஹோர்மோன் கருப்பை வளராமல் தடுத்தது. மற்றது டெஸ்டஸ்டரோன் என்ற ஆண்ட்ரஜன். அது சுரந்தும் பயனில்லை. அதை ஏற்கும் வாங்கி அவள் உடலில் வேலை செய்வதில்லை. அதனால் வெளியுறுப்புகள் பெண்ணுக்குரியவையாகவே அமைந்தன. பருவ வயதில் அதே டெஸ்டஸ்டரோன் ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோனாக மாறி மார்பை வளர்த்தது. அக்குளிலும் அடிவயிற்றின் கீழும் முடி மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். கருப்பையின்றிப் பிறக்கும் வேறு பெண்களும் உண்டு. அவர்களுக்குச் சூலகமும் வழமையான முடியும் இருக்கும், நிறமூர்த்தம் எக்ஸ்-எக்ஸ். குழந்தையில் அவளுக்குக் கவட்டில் குடலிறக்கக் கட்டி இருந்ததா என்று நினைத்துப் பாருங்கள். பெண் குழந்தைக்கு இரண்டு பக்கமும் அப்படி வந்தால், உள்ளே இருப்பது விதையா என்று பார்க்கவேண்டும். பலருக்கு அதுவே முதல் அடையாளம்.

விதைகளை உடனே எடுக்கச் சொல்லி யாரும் அவசரப்படுத்தினால், பொறுங்கள். உங்கள் மகளுக்கு இருப்பதுபோல் தெரியும், ஆண்ட்ரஜனை உடல் சிறிதும் ஏற்காத முழுமையான வகையில், பருவ வளர்ச்சி முடியும்வரை புற்றுநோய் அபாயம் மிகக் குறைவு. விதைகள் சுரக்கும் ஹோர்மோன் அவளது எலும்புக்கும் தேவை. எடுத்தால் பல வருடம் ஈஸ்ட்ரஜன் மருந்து எடுக்கவேண்டும். உடல் ஓரளவு ஏற்கும் பகுதியளவான வகையில் அபாயம் கூட. அங்கே கணக்கு வேறு. எதுவானாலும் அவளைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்.

உங்களை நீங்களே குற்றஞ்சாட்டவும் வேண்டாம். அந்த வாங்கிக்குரிய மரபணுவில் உள்ள பிழைதான் காரணம்; அந்த மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. தாய் அறியாமலே அந்தப் பிழையைச் சுமந்திருக்கலாம்; சுமார் மூன்றிலொரு பேரில் அது பிள்ளையிடமே புதிதாகத் தோன்றியது. உங்கள் சகோதரிகளின் பெண்பிள்ளைகளைப் பற்றியும் டொக்டரிடம் கேளுங்கள்.

இனி சொல்லும் விடயம். 1953இல் ஜோன் மொரிஸ் என்ற அமெரிக்க வைத்தியர் இந்நிலைக்கு விதைகளைச் சுட்டும் பெயரொன்றை வைத்தார். பழைய புத்தகங்களில் இன்னும் இருக்கிறது. பிறகு நீண்டகாலம் டொக்டர்மாரே பிள்ளைகளிடம் உண்மையை மறைத்தார்கள். கிளினிக் அட்டையில் எழுதியதைப் போனில் தேடி உங்கள் மகள் தனியாக அறிவதைவிட, உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கட்டும். முதலில் மாதவிடாய் வராது, கரு தரிக்க முடியாது என்பதைச் சொல்லுங்கள். அழுவாள், அழட்டும். நிறமூர்த்தம், விதைகள் பற்றி டொக்டரும் கூட இருக்கும்போது இன்னொரு நாள் பேசலாம். யோனி குறுகியதாக இருக்கலாம்; அவள் விரும்பும் வயதில் சத்திரசிகிச்சை இல்லாமலே அதைச் சீராக்கப் பயிற்சி உண்டு. கலியாணம் அவளுக்கு மூடிய கதவல்ல.

ஊர் வாயை மூட ஒரு பொய்ச் சடங்கு வைக்காதீர்கள். மேடையில் இருத்தப்படுபவள் அவள்தான். "ஹோர்மோன் பிரச்சினை, வைத்தியம் நடக்குது" என்று சொல்லுங்கள். அதற்குமேல் யாருக்கும் எதுவும் தெரியத் தேவையில்லை.