பிரச்சினை வழிக் கற்றல்: பணம் எங்கே போக வேண்டும்? (கேள்வி பதில்)

பிரச்சினை வழிக் கற்றலை பி.பி.எல். என்கிறார்களே மேடம், பாடம் முடிந்ததும் நாம் கொடுக்கும் கணக்குகளிலிருந்து அது எப்படி வேறு?

நாம் பாடத்தை நடத்திவிட்டுக் கடைசியில் கணக்கு கொடுக்கிறோம். பி.பி.எல்.-இல் பிரச்சினைதான் முதலில் வரும். அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் மாணவர்களுக்குக் கொடுத்த ஒன்றைப் பாருங்கள். இரண்டு கார்கள் மோதியிருக்கின்றன, சாலையில் டயர் தேய்ந்த தடம் இருக்கிறது. நடந்ததைக் கண்டுபிடிக்க போலீஸ் எதையெல்லாம் அளக்க வேண்டும்? நாலைந்து பேர் கொண்ட குழு அதைப் பேசி முடிவு செய்யும். உராய்வும் உந்தமும் தேவைப்படுகிற இடம் வந்த பிறகுதான் புத்தகம் திறக்கும்.

மருத்துவப் படிப்பில் இருந்த முறைதானே இது? பட்டப்படிப்புக்கு யார் செலவில் வந்தது?

ஆமாம், 1969-இல் கனடாவின் மெக்மாஸ்டர் மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது. டெலவேரில் 1992 வாக்கில் சில அறிவியல் ஆசிரியர்கள் அதைத் தங்கள் வகுப்புகளில் முயன்றார்கள். அப்புறம்தான் பணம் வந்தது. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் மானியத்தோடு 1997-இல் ஐ.டி.யூ.ஈ. என்ற ஆசிரியர் பயிற்சி நிலையம் அங்கே அமைந்தது. அந்த அறக்கட்டளை அரசு அமைப்பு. தனியார் கொடையும் வந்தது: பியூ அறக்கட்டளை என்ற தனியார் அமைப்பு ஒன்று உண்டு. அது அலபாமாவில் உள்ள சாம்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு 1998-இல் இதற்காகவே நிதி தந்தது.

எனக்குப் பிடித்தது அந்தப் பணம் போன வழி. ஆசிரியர்கள் சில நாள் சேர்ந்து உட்கார்ந்து, முதலில் தாங்களே மாணவர்களாக ஒரு பிரச்சினையைத் தீர்த்துப் பார்த்தார்கள். பிறகு அவரவர் வகுப்புக்கு ஏற்ற பிரச்சினையை எழுதினார்கள். நல்ல பிரச்சினை எழுதுவது லேசான வேலை இல்லை. ஒன்றை எழுதி, வகுப்பில் கொடுத்து, அது எங்கே சொதப்புகிறது என்று பார்த்துத் திருத்த ஒரு பருவம் போய்விடும். அந்த நேரத்துக்குத்தான் பணம் வேண்டும்.

நான் திருச்சியில் ஒரு கலைக் கல்லூரியில் வேதியியல் எடுக்கிறேன். வகுப்பில் 60 பேர், நான் ஒருத்தன். 12 குழுக்களையும் எப்படிப் பார்ப்பது?

சார், இதற்கு டெலவேரின் விடை அழகானது. ஹரால்ட் ஒயிட் என்ற உயிர்வேதியியல் பேராசிரியர் ஹீமோகுளோபின் பற்றிய பழைய ஆய்வுக் கட்டுரைகளை மட்டுமே வைத்து ஒரு பாடத்தை நடத்தினார். முதல் கட்டுரையே 1864-இல் ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி எழுதியது. இரத்தத்தின் நிறம் ஆக்சிஜனோடு எப்படி மாறுகிறது என்று சொல்லும் கட்டுரை. புரியாத சொல்லை எல்லாம் குழுவே தேடிப் பிடிக்க வேண்டும். குழுக்களோடு உட்கார்ந்தவர்கள் யார் தெரியுமா? முன்பு அதே பாடத்தைப் படித்து முடித்த மாணவர்கள். அவர்கள் விடை சொல்ல மாட்டார்கள். "அது எப்படி உனக்குத் தெரியும்?" என்று கேட்பார்கள். எங்கே தடுக்கும் என்பது போன வருஷம் தடுக்கி எழுந்தவருக்குத்தானே தெரியும்.

உங்கள் மூன்றாம் ஆண்டு மாணவர்களில் ஆறு பேர் போதும், ஆளுக்கு இரண்டு குழு. அவர்களுக்கு ஒரு சின்ன உதவித்தொகையும் வாரம் ஒரு மணி நேரம் உங்களோடு பேச வாய்ப்பும் கொடுங்கள்.

மதிப்பெண் கூடுமா?

மனப்பாடக் கேள்விகளில் கூடாது, கொஞ்சம் குறையவும் செய்யலாம். 43 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த டோஷி என்ற ஆய்வாளரின் குழு 2003-இல் சொன்னது இது: கற்றதைப் பயன்படுத்தும் திறன் கூடுகிறது, கற்றது அதிக நாள் நினைவில் நிற்கிறது. நம் கேள்வித்தாள் எதைக் கேட்கிறது என்பதுதான் விஷயம்.

மானியம் முடிந்ததும் எல்லாம் படுத்துவிடாதா அம்மா?

பல இடங்களில் படுத்துவிடும். சோழர் காலத்தில் கோயிலில் அணையாமல் எரியும் நந்தாவிளக்குக்கு 96 ஆடுகளை விடுவார்கள். அவற்றை மேய்ப்பவர் மந்தை குறையாமல் பார்த்துக்கொண்டு நெய் அளக்க வேண்டும். கல்வெட்டில் அதற்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். மூன்று வருஷ மானியம் அப்படி இல்லை, அது ஒரு குடம் நெய்.

மந்தையே கொடுத்த கதையும் உண்டு. எஃப். டபிள்யூ. ஓலின் அறக்கட்டளை மாசசூசெட்ஸில் புதிதாக ஒரு பொறியியல் கல்லூரி தொடங்க 46 கோடி டாலருக்கு மேல் கொடுத்து, 2005-இல் தன்னையே மூடிக்கொண்டது. முறையான வகுப்பு 2002-இல் தொடங்கியது. அதற்கு முந்தைய ஒரு வருஷம் 30 மாணவர்கள் அங்கேயே தங்கி, ஆசிரியர்களோடு சேர்ந்து பாடத்திட்டத்தை உருவாக்கினார்கள். செய்முறைத் திட்டங்களை நடுவில் வைத்த படிப்பு அது. எல்லாருக்கும் முழுக் கல்விக் கட்டணமும் இலவசம். ஆனால் 2008 நிதி நெருக்கடியில் கல்லூரியின் மூலநிதி சுருங்க, 2010-இல் அது பாதிக் கட்டணச் சலுகையாகக் குறைந்தது. கற்பிக்கும் முறை மட்டும் மாறவில்லை. கல்லூரியின் அன்றாட விதிகளிலேயே அது ஊறியிருந்ததுதான் காரணம் என்பது என் எண்ணம்.

எங்கள் கல்லூரிக்கு ஒரு கொடையாளர் 5 லட்சம் தருகிறார். ஸ்மார்ட் போர்டு வாங்கலாம் என்கிறார் முதல்வர். என்ன சொல்லலாம்?

வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் வேலை பார்த்த கல்லூரி ஒன்றில் அப்படி வாங்கிய பலகைகள் இரண்டே வருஷத்தில் சாக்பீஸ் தூசி படிந்து கிடந்தன. எதிரில் பெஞ்சுகள் தரையோடு அடித்து வைத்தபடியே இருந்தன, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசவே முடியாது.

முதலில் நகர்த்தக்கூடிய மேசை நாற்காலி, ஒரே ஒரு அறைக்கு. அடுத்து, மாணவ வழிகாட்டிகளுக்கு உதவித்தொகை. மிச்சம் முழுவதும் கௌரவ விரிவுரையாளர் சம்பளத்துக்கு. அவர் உங்கள் ஆசிரியர் இருவரின் வகுப்புகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டால், அந்த இருவரும் பிரச்சினை எழுதலாம். முதல்வர் தயங்கினால் அடுத்த பருவ டைம்டேபிளை எடுத்துக்கொண்டு போய், யார் பெயரில் எத்தனை மணி நேரம் குறையும் என்று அதிலேயே பென்சிலால் குறித்துக் காட்டுங்கள்.